விக்கி ஏடுகளில் பக்கங்களின் வரிசை

பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளை இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வழியே செல்லும் பயணி கொரமண்டல், ஊரிகம், சாம்பியன் முதலிய நிலையங்களைக் கடந்து, பாதை முடியும் இடமாகிய மாரிக்குப்பத்தை அடைகிறார். இவ்வைந்து ஊர்களின் பெயர்களையும் அகர வரிசைப்படி எழுதினால் ஊரிகம், கொரமண்டல், சாம்பியன், பங்காருப்பேட்டை, மாரிக்குப்பம் என்று வரும். இப்பட்டியலில் ஒரு பெயரும் விடுபடவில்லை. ஒரு பெயரிலும் பிழை இல்லை. ஆயினும் புறப்படும் நிலையம் நான்காவதாக நிற்பதால், வண்டி எந்த ஊருக்குப்பின் எந்த ஊரை அடையும் என்பதை அறிய விரும்பும் பயணிக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

இதே நிலைதான் இன்று பல நிறுவனங்களின் தொழில்நுட்ப ஏடுகளுக்கும் நேர்கிறது. அச்சில் வெளிவந்த கையேடுகளும், அறிக்கைகளும், விதித் தொகுப்புகளும் கணிப்பொறி வழியாக விக்கி என்னும் அமைப்பில் வெளியிடப்படுகின்றன. அச்சு நூலில் பக்கங்களை வரிசையாக நிறுத்தியது நூல் கட்டுபவரின் நூலும் பசையும் ஆகும். விக்கியில் அத்தகைய கட்டு இல்லை. ஆகவே பக்கங்களை எவ்வரிசையில் படிக்கவேண்டும் என்பதை வெளியிடுவோர் தனியே எழுதி வைத்தாலன்றி, அவ்வரிசை நிலைத்து நிற்பதில்லை. அதனை எழுதி வைக்கும் முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விக்கியின் இயல்பு

அமெரிக்கக் கணிப்பொறி அறிஞரான வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்ற சொல்லுக்கு 'விரைவு' என்பது பொருள். படிப்பவரே பக்கத்தைத் திருத்தவும், புதுப்பக்கம் ஒன்றைத் தொடங்கவும் இயலும் என்பது இவ்வமைப்பின் சிறப்பு. 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இம்முறையில் தொடங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது.

விக்கியில் ஒவ்வொரு பக்கமும் தனித்து நிற்கும். அதன் தலைப்பே அதன் முகவரி. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இணைப்புகள் உண்டு; ஆனால் 'இதற்கு முன் எது, பின் எது' என்ற செய்தி பக்கத்தினுள் இயல்பாக அமைவதில்லை. பக்கங்களைத் தொகுத்துக் காட்டும்படி கேட்டால், பெரும்பாலும் தலைப்பின் அகர வரிசைப்படியே விக்கி அவற்றை அடுக்கித் தரும்.

கலைக்களஞ்சியத்துக்கு இது பொருத்தமானதே. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும் அகர வரிசையிலேயே அமைந்தது. ஒரு சொல்லைத் தேடி வருபவருக்கு அகர வரிசையே வழிகாட்டி. ஆனால் ஒரு வேலையைச் செய்யக் கற்பவருக்கு வேலையின் வரிசை தேவை. ஒரு நிகழ்ச்சியை ஆராய்பவருக்குக் காலத்தின் வரிசை தேவை. ஓர் இடத்தை அறிய விரும்புபவருக்கு நிலத்தின் வரிசை தேவை.

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இரா. அரங்கநாதன், சென்னைப் பல்கலைக் கழக நூலகராக இருந்தபோது 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இவ்வேறுபாட்டுக்கு முதலிடம் அளித்தார். நூல்களின் வரிசை படிப்பவருக்குப் பயன்தரும் வரிசையாக இருத்தல் வேண்டும் என்பதும், புதிய பொருள் ஒன்று தோன்றும்போது ஏனையவற்றைக் குலைக்காமல் அதனை உரிய இடத்தில் நுழைக்க இயலவேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய கொள்கைகள். விக்கியில் ஏடுகளை வெளியிடுவோருக்கும் இவ்விரண்டும் முற்றிலும் பொருந்தும்.

எண்களால் நேரும் குழப்பம்

கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் நான்கு சுரங்கங்கள் பெயர்பெற்றவை. தெற்கிலிருந்து வடக்காகச் செல்பவர் அவற்றை இவ்வரிசையிலேயே காண்பார். அகர வரிசையிலோ ஊரிகம் முதலாவதாகவும் மைசூர் இறுதியாகவும் வரும். இவ்வேறுபாட்டை வாசகர் எளிதில் உணர்ந்துகொள்வர். ஆனால் எண்களால் நேரும் குழப்பம் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை.

சுரங்கத்தில் நிலமட்டத்திலிருந்து கீழ்நோக்கிக் குறிப்பிட்ட இடைவெளியில் கிடையாக வெட்டப்படும் வழிகளை மட்டங்கள் என்பர். ஆழத்திற்கேற்ப அவை 1, 2, 3 என்று எண்ணிடப்படும். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்து சென்ற தங்கவயலில், சாம்பியன் ரீப் சுரங்கத்தின் மட்டங்கள் 100க்கும் மேற்பட்டவை. 110 மட்டங்கள் கொண்ட ஒரு சுரங்கத்தில் மட்டத்திற்கு ஒரு பக்கமாக விக்கியில் வெளியிடப்படுகிறது எனக் கொள்வோம்.

கணிப்பொறி தலைப்புகளை ஒப்பிடும்போது, நாம் அகராதியில் சொற்களை ஒப்பிடுவதைப் போன்று, ஒவ்வோர் எழுத்தாக இடமிருந்து வலமாக ஒப்பிடுகிறது. எண்ணின் மதிப்பை அது நோக்குவதில்லை. ஆகவே 1 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்கள் யாவும் 2க்கு முன் வந்துவிடும். 1ஆம் மட்டத்தை அடுத்து 10ஆம் மட்டம், பின்னர் 100 முதல் 109 வரை, பின்னர் 11, 110, 12 என்று அடுக்கப்படும். 110 மட்டங்களில் 22 மட்டங்கள் முடிந்த பின்னரே 2ஆம் மட்டம் 23ஆவதாக வரும். பட்டியலின் இறுதியில் நிற்பது மிக ஆழமான 110ஆம் மட்டம் அன்று, 99ஆம் மட்டமே. இப்பட்டியலைப் பார்த்துச் சுரங்கத்தின் அடித்தளம் எது என்று ஒருவர் முடிவு செய்தால் அம்முடிவு தவறாகும்.

இதற்குப் பரிகாரம் எளியது. எல்லா எண்களையும் ஒரே நீளமுடையனவாக எழுதவேண்டும். 1 என்பதை 001 என்றும், 23 என்பதை 023 என்றும் எழுதினால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். எத்தனை இலக்கங்கள் தேவை என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுதல் நலம்; 99 பக்கங்களுக்கு மேல் வராது என்று கருதி ஈரிலக்கமாகத் தொடங்கிய ஏடு நூறாவது பக்கத்தில் குலையும். எண்ணின் மதிப்பை உணர்ந்து வரிசைப்படுத்தும் அமைப்பும் சில விக்கி மென்பொருள்களில் உண்டு. ஆனால் ஏடு வேறோர் அமைப்புக்கு மாற்றப்படும்போது அவ்வசதி உடன் வருமென்று எண்ணுவதற்கில்லை.

தமிழ் எழுத்துக்களின் வரிசை

தமிழில் ஏடுகளை வெளியிடுவோருக்கு மற்றொரு கவலையும் உண்டு. நாம் பள்ளியில் பயின்ற வரிசையில் ர, ல, வ, ழ, ள, ற, ன என்று இடையின எழுத்துக்கள் முடிந்து இறுதியில் றகரமும் னகரமும் வரும். உலக மொழிகளின் எழுத்துக்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட யூனிகோடு குறியீட்டு முறையிலோ, னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றுள்ளன. வகரம் ழகரத்திற்குப் பின் உள்ளது. ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே நிற்கிறது. புள்ளிக்குரிய குறியீடோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னர் வைக்கப்பட்டுள்ளது.

இதன் விளைவைச் சில சொற்களால் காணலாம். நம் அகராதியில் 'பொருள்' முன்னும் 'பொன்' பின்னும் வரும். குறியீட்டு எண்ணை மட்டும் நோக்கி அடுக்கினால் 'பொன்' முன்னே சென்றுவிடும். அகராதியில் 'மண்' என்பதை அடுத்தே 'மணல்' வரும். குறியீட்டு வரிசையில் 'மணல்' முந்திக்கொள்ளும். மொழிக்குரிய அகர வரிசை விதிகளைக் கையாளும் மென்பொருளில் இக்குறை நேராது. ஆகவே தமிழ் ஏட்டை வெளியிடுமுன், இத்தகைய நாலைந்து சொற்களைத் தலைப்புகளாக அமைத்துச் சோதித்துப் பார்ப்பது நன்று.

ஊர்ப் பெயர்களின் எழுத்து வேறுபாடும் வரிசையைப் பாதிக்கும். ஊரிகம் என்ற பெயரைச் சிலர் குறிலாகத் தொடங்கி உரிகம் என்றும் எழுதுவர். அவ்வாறெனின் ஒரே ஊரைப் பற்றிய ஏடுகள் உகரத்தில் பாதியும் ஊகாரத்தில் பாதியுமாகப் பிரிந்துவிடும். ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, ஏனைய வடிவங்களை வழிமாற்றுப் பக்கங்களாக அமைப்பதே விக்கிகளில் கையாளப்படும் முறை.

செயல்முறைக் கையேடுகள்

வரிசை தவறுவதால் தேடுவோரின் நேரம் வீணாவது ஒருபுறம் இருக்க, சில ஏடுகளில் அது உயிருக்கே ஊறு விளைக்கும். பாறையை வெடி வைத்துத் தகர்க்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். முதலில் பாறையில் துளையிடல், அடுத்து மருந்திடல், பின்னர் ஆட்களை அப்புறப்படுத்தல், அதன்பின் வெடித்தல், புகையும் நச்சுக் காற்றும் நீங்கும்வரை காற்றோட்டம், இறுதியாக, வெடிக்காமல் எஞ்சிய மருந்தோ, தளர்ந்து தொங்கும் பாறையோ உண்டா என்று பரிசோதனை. இவ்வாறு ஆறு படிகள் உள்ளன.

இவ்வாறு படிகளையும் ஆறு பக்கங்களாக்கி விக்கியின் போக்கில் விட்டுவிட்டால் ஆட்களை அப்புறப்படுத்தல், காற்றோட்டம், துளையிடல், பரிசோதனை, மருந்திடல், வெடித்தல் என்ற அகர வரிசை கிடைக்கும். இதன்படி பரிசோதனை முடிந்த பிறகே மருந்திடல் நிகழ்கிறது. வெடித்தலுக்குப்பின் செய்யவேண்டியது எதுவுமில்லை. தேர்ந்த தொழிலாளி இதனைக் கண்டு சிரிப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அவ்வாறு சிரிக்கும் அறிவைப் பெறுவதற்காகத்தான் கையேட்டையே படிக்கிறார் என்பதை மறத்தலாகாது.

வரிசையை நிலைநிறுத்தும் மூன்று முறைகள்

இன்று பல நிறுவனங்களில் ஏட்டின் மூலம் கோப்புகளாக ஓரிடத்தில் பேணப்படுகிறது. வெளியீட்டு மென்பொருள் ஒன்று அக்கோப்புகளைப் படித்து விக்கிப் பக்கங்களாக மாற்றுகிறது. அப்போது வரிசையைக் குறிக்க மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, தலைப்பிலேயே எண்ணைச் சேர்த்தல். '01 துளையிடல்', '02 மருந்திடல்' என்று எழுதுவது இம்முறை. எவ்வித அமைப்பிலும் இது செல்லும் என்பது இதன் நன்மை. ஆனால் இடையில் ஒரு பக்கம் சேருமாயின் அதன் பின்னுள்ள எல்லா எண்களும் மாறவேண்டும். விக்கியில் தலைப்பே முகவரியாதலின், தலைப்பு மாறினால் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளும் அறுந்துபோகக்கூடும்.

இரண்டாவது, தலைப்பைத் தொடாமல் பக்கத்தினுள் மறைவாக ஒரு வரிசைக் குறியை வைத்தல். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில், ஒரு பகுப்பில் பக்கம் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதை இத்தகைய குறியால் உணர்த்தலாம். தலைப்பு 'வெடித்தல்' என்றே இருக்கும். அடுக்கும்போது மட்டும் குறி நோக்கப்படும். குறிகளை 1, 2, 3 என்று நெருக்கமாக இடாமல் 010, 020, 030 என்று இடைவெளி விட்டு இடுதல் நல்லது. பின்னர் ஒரு பக்கம் புகவேண்டுமாயின் 015 என்று கொடுத்துவிடலாம், ஏனையவற்றைத் தொடவேண்டுவதில்லை. இதன் குறை யாதெனில், முழு வரிசையையும் ஒரே இடத்தில் காண இயலாது. இரு பக்கங்களுக்கு ஒரே குறி அமைந்துவிட்டாலும் எளிதில் தெரியாது.

மூன்றாவது, உள்ளடக்கப் பட்டியல் ஒன்றைத் தனிக் கோப்பாக எழுதுதல். எந்தப் பகுதியின் கீழ் எந்தப் பக்கங்கள், எவ்வரிசையில் என்பது அங்கேயே முழுமையாகக் காணப்படும். வெளியீட்டு மென்பொருள் அப்பட்டியலைப் பின்பற்றிப் பக்கங்களை நிறுத்துவதோடு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'முந்தையது', 'அடுத்தது' என்ற இணைப்புகளையும் அமைக்க இயலும். வரிசையை மாற்றப் பட்டியலில் ஒரு வரியை இடம்மாற்றினால் போதும். பட்டியலில் சேர்க்க மறந்த பக்கம் அனாதையாகிவிடும் என்பதே இதன் இடர். 2008ஆம் ஆண்டில் வெளியான ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவண மென்பொருள், எப்பட்டியலிலும் இடம்பெறாத ஏட்டைக் கண்டால் எச்சரிக்கை விடுக்கிறது. இத்தகைய சோதனை எம்முறையிலும் வேண்டற்பாலது.

பெரிய ஏடுகளுக்கு மூன்றாம் முறையே சிறந்ததாகும். வரிசை என்பது தனிப் பக்கம் எதற்கும் உரியதன்று; அது தொகுப்பு முழுமைக்கும் உரிய செய்தி. ஆதலின் அதனைத் தொகுப்புக்குரிய ஓரிடத்தில் எழுதுவதே முறை.

மற்றொன்றையும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். வரிசைக்கு அதிகாரம் மூலக் கோப்புக்கா, விக்கிக்கா? விக்கியில் ஒருவர் கையால் பக்கத்தை இடம்மாற்றினால், மூலத்தைப் பின்பற்றும் மென்பொருள் அடுத்த வெளியீட்டின்போது அதனைப் பழைய இடத்திற்கே கொண்டுவந்துவிடக்கூடும். இரண்டில் ஒன்றையே அதிகாரமுடையதாகக் கொண்டு, அதனை எல்லோரும் அறியும்படி முகப்புப் பக்கத்தில் எழுதி வைப்பதே தக்கது.

அச்சு நூல்களை ஏற்றுதல்

பழைய அச்சு நூல்களை விக்கியில் ஏற்றும் பணிக்குத் தமிழ் விக்கிமூலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு நூலின் பக்கங்கள் படம்பிடிக்கப்பட்டு ஒரே கோப்பாக வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் அமைத்து, அதில் எழுத்துக்களைப் பெயர்த்து, தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கின்றனர். நூல் முழுமைக்கும் அட்டவணை என்ற ஒரு பக்கம் உண்டு. படத்தின் எண்ணையும் நூலில் அச்சிட்ட பக்க எண்ணையும் அது பொருத்திக் காட்டுகிறது.

இவ்விரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதில்லை. மேலட்டை, தலைப்பு, முன்னுரை ஆகியவை கடந்து, பதினைந்தாவது படத்தில் நூலின் முதற்பக்கம் தொடங்கலாம். எண்ணிடாத ஓவியத் தாள்களும் வெற்றுத் தாள்களும் இடையில் வரும். அட்டவணையில் இதனைச் சரியாகக் குறித்துவிட்டால், 'இத்தனையாம் படத்திலிருந்து இத்தனையாம் படம்வரை' என்று எழுதியவுடன் ஓர் அத்தியாயம் முழுவதும் உரிய வரிசையில் ஒன்றுசேர்ந்து தோன்றும். படமெடுக்கும்போது ஒரு தாள் விடுபட்டுப் பின்னர் இடையில் சேர்க்கப்பட்டால், அதன் பின்னுள்ள படங்கள் யாவும் ஓரிடம் நகரும். முன்னரே பெயர்த்த எழுத்துக்களோ பழைய எண்ணிலேயே நிற்கும். அவற்றையும் நகர்த்தும்வரை படம் ஒன்று, எழுத்து வேறொன்று என்றாகிவிடும். ஆகவே எழுத்துப் பெயர்க்கத் தொடங்குமுன் தாள்களை எண்ணிச் சரிபார்ப்பது இப்பணியின் முதற்படி.

காலவரிசையின் இன்றியமையாமை

தங்கவயலின் ஆவணங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டவை. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணிகளை நடத்தினர். 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் மத்திய அரசும் அவற்றை ஏற்றன. 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்தில் பாறை திடீரெனச் சிதறும் பாறை வெடிப்புகள் இவ்வயலில் தொழிலாளர் பலரைப் பலிகொண்டன. அவற்றைப் பற்றிய பதிவுகள் பாறை இயலுக்குப் பெரிதும் பயன்பட்டன. தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988ஆம் ஆண்டில் தங்கவயலில் நிறுவப்பட்டதும் இக்காரணம் பற்றியே. இத்தகைய பதிவுகள் நிகழ்ந்த வரிசையில் இல்லையெனில், ஒரு வெடிப்பு மற்றொன்றைத் தூண்டியதா என்ற வினாவுக்கு விடை காண இயலாது.

நாளை முதலிலும் ஆண்டை இறுதியிலும் எழுதும் நமது வழக்கம் இங்கு இடையூறாகும். 05-11-1960 என்ற நாள் 12-03-1952 என்பதற்கு முன் அடுக்கப்படும். ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் 1952-03-12 என்று எழுதினால் காலவரிசை தானே அமையும். உலகத் தர நிர்ணய நிறுவனம் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட 8601 எண்ணுள்ள தரமும் இம்முறையையே விதிக்கிறது.

ஓர் ஆவணத்தின் பல பதிப்புகளுள் எது இறுதியானது என்பதும் வரிசையைப் பொறுத்ததே. 2002ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள குவீகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அருகே கைவிடப்பட்டிருந்த சாக்ஸ்மன் சுரங்கத்தில் தேங்கிய நீர் அது. அச்சுரங்கத்தின் இறுதி வெட்டுக்களைக் காட்டாத பழைய வரைபடத்தைக் கொண்டே வேலை திட்டமிடப்பட்டிருந்தது. 9 தொழிலாளர்கள் ஏறத்தாழ 240 அடி ஆழத்தில் மூன்று நாட்களுக்கு மேல் அகப்பட்டிருந்து, 28ஆம் நாள் உயிருடன் மீட்கப்பட்டனர். வரைபடம் இருந்தது, அது கடைசி வரைபடம் அன்று என்பதைக் காட்டும் ஒழுங்கு இல்லை.

மூடிய சுரங்கத்தின் மீது மக்கள் தொடர்ந்து வாழ்கின்றனர். அங்கு வீடு கட்டவோ, கிணறு தோண்டவோ, மீண்டும் கனிமம் தேடவோ முற்படுவோர் பழைய ஏடுகளையே நாடுவர். அவ்வேடுகளை விக்கியில் வெளியிடுவோர் பின்வருவனவற்றை உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். ஏட்டுக்குரிய வரிசை அகரமா, இடமா, காலமா, செயலா என்பதை முதலில் தீர்மானித்தல். எண்களைச் சம நீளமாகவும் நாட்களை ஆண்டு முதலாகவும் எழுதுதல். தலைப்பைப் பொருளுக்கு விட்டு, வரிசையை உள்ளடக்கப் பட்டியலில் குறித்தல். பட்டியலில் சேராத பக்கம் உண்டா என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் சோதித்தல். பதிப்பின் நாளை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டுதல். வெளியிட்ட பின்னர், ஏட்டைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரை முதற்பக்கத்தில் அமர்த்தி, 'அடுத்தது' என்ற இணைப்பை மட்டும் பின்பற்றி இறுதிவரை படிக்கச் செய்தால், பட்டியலில் எஞ்சிய பிழைகள் பெரும்பாலும் அன்றைக்கே வெளிப்பட்டுவிடும்.